கான்கிரீட் சாலை ஜாயின்டுகளுக்கு சீலன்ட் போடுவது எப்படி: வெட்டு முதல் சோதனை வரை

கான்கிரீட் சாலையில் ஜாயின்ட் சீலன்ட், அதாவது ஸ்லாபுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியை அடைக்கும் பொருள், பிய்ந்து வந்துவிட்டால் முதல் பழி பொருளின் மேல்தான் விழும். பெரும்பாலும் பொருள் அந்தக் குற்றத்தைச் செய்திருக்காது. பிய்ந்து வந்த துண்டைக் கையில் எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வெள்ளையாக மாவு படிந்திருந்தால், அது கட்டிங் போட்டபோது வந்த சேறு காய்ந்து நின்ற தூசி. சீலன்ட் தன் வேலையைச் சரியாகவே செய்து அந்தத் தூசியைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. தூசிதான் கான்கிரீட்டைப் பிடிக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் அளவுக்கும் சுத்தத்துக்கும்தான் அதிக இடம் போகும். ஊற்றும் வேலை சில பத்திகளில் முடிந்துவிடும். தளத்திலும் ஆள், நேரம் இரண்டும் ஏறக்குறைய அதே விகிதத்தில் செலவாக வேண்டும்.

ஜாயின்ட் எதற்கு, சீலன்ட் எதற்கு

கான்கிரீட் உலரும்போது சுருங்கும். வெயிலில் விரியும், குளிரில் மறுபடி சுருங்கும். அடித்தளத்தின் உராய்வு அதை இழுத்துப் பிடிப்பதால் எங்கேயாவது விரிசல் விட்டே தீரும். அந்த விரிசல் நாம் சொல்லும் இடத்தில் நேர்கோடாக விழட்டும் என்பதற்காகத்தான் ஸ்லாப் தடிமனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டு போடுகிறோம். வெட்டுக்குக் கீழே விரிசல் தானாக இறங்கிவிடும்.

இப்படி வந்த இடைவெளிக்குள் இரண்டு எதிரிகள் நுழைவார்கள். ஒன்று தண்ணீர். அது அடித்தளத்தில் தேங்கி நிற்க, கனரக வண்டி ஏறி இறங்கும்போது மண்துகளோடு சேர்ந்து பீறிட்டு வெளியே வரும். கொஞ்ச நாளில் ஸ்லாபுக்கு அடியில் பொந்து விழும், ஒரு பக்கம் தாழும், வண்டியில் போகிறவருக்கு ஒவ்வொரு ஜாயின்டிலும் 'தட் தட்' என்று கேட்கும். இரண்டாவது எதிரி சிறு கல்லும் மணலும். குளிரில் ஜாயின்ட் திறந்திருக்கும்போது அவை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் ஸ்லாப் விரிய இடம் தேடும்போது கல் விட்டுக்கொடுக்காது, ஓரம்தான் உடையும். நிலைமை முற்றினால் கடும் வெயிலில் இரண்டு ஸ்லாபுகள் முட்டிக்கொண்டு மேலே எழும்பிவிடுவதும் உண்டு.

சீலன்ட் இந்த இரண்டையும் குறைக்கும், முழுவதும் தடுக்காது. அடியில் வடிகால் சரியில்லாத சாலையை எந்த சீலன்டும் காப்பாற்றாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1990-ல் ஜாயின்டுகளை சீல் செய்யாமலே விடுவதைக் கொள்கையாகவே எடுத்தது. மெல்லிய ஒற்றை வெட்டும் நல்ல வடிகாலும் இருந்தால் போதும் என்பது அந்தப் பக்கத்து வாதம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்றாலும், ஒரு விஷயத்தில் அவர்களோடு உடன்படுகிறேன். அகலமாக வெட்டிவிட்டு அரைகுறையாக சீல் செய்வதைவிட, மெல்லிய வெட்டைத் தொடாமல் விடுவது மேல்.

எந்த ஜாயின்ட் என்று முதலில் பாருங்கள்

எல்லா ஜாயின்டும் ஒரே மாதிரி அசையாது. குறுக்கே போகும் சுருக்க ஜாயின்ட் தான் அதிகம் திறந்து மூடும். இரண்டு ஸ்லாபையும் இணைக்கும் வழுவழுப்பான கம்பியான டவல் பார் இருந்தாலும் அது வழுக்கி விலக விடும். நீளவாக்கில் லேன்களுக்கு நடுவே போகும் ஜாயின்டை டை பார் என்ற இறுக்கிப் பிடிக்கும் கம்பி கட்டிப்போட்டிருப்பதால் அசைவு மிகக் குறைவு. அங்கே அகலமான பள்ளம் வெட்டுவது வீண். கட்டடம், மேன்ஹோல், பாலம் ஆகியவற்றின் அருகே வரும் விரிவு ஜாயின்டில் ஏற்கெனவே நிரப்புப் பலகை முழு ஆழத்துக்கும் நிற்கும். அதன் மேல்பகுதியைத் தேவையான ஆழத்துக்கு எடுத்துவிட்டு சீலன்ட் போட வேண்டும்.

எவ்வளவு திறக்கும்? ஒரு கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் 'வழக்கமா 8 மி.மீ. தான் வெட்டுவோம்' என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

திறப்பு = உராய்வுக் காரணி × ஸ்லாப் நீளம் × (வெப்ப விரிவுக் கெழு × வெப்பநிலை வித்தியாசம் + உலர் சுருக்கம்)

உராய்வுக் காரணி, ஜல்லி அடித்தளத்துக்கு 0.80, சிமென்ட் போன்றவற்றால் கெட்டிப்படுத்திய அடித்தளத்துக்கு 0.65. வெப்ப விரிவுக் கெழு ஜல்லி வகையைப் பொறுத்து மாறும், டிகிரிக்கு 0.00001 என்று வைத்துக்கொள்ளலாம். உலர் சுருக்கத்துக்கு 0.0003 எடுப்போம். ஜல்லி அடித்தளத்தின் மேல் 4.5 மீட்டர் ஸ்லாப், 30 டிகிரி வித்தியாசம் என்றால்:

0.80 × 4500 × (0.0003 + 0.0003) = 2.16 மி.மீ.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதை ஜாயின்ட் அகலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதலில் போடும் மெல்லிய வெட்டின் 3 மி.மீ. அகலத்திலேயே சீலன்டை நிரப்பினால் அது 72 சதவீதம் நீள வேண்டியிருக்கும். அதே ஜாயின்டை 8 மி.மீ. ஆக்கினால் 27 சதவீதம். 11 மி.மீ. ஆக்கினால் 20 சதவீதத்துக்குள் வந்துவிடும். சூடாக ஊற்றும் ரப்பர் பிட்டுமன் வகையை 20 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்வதும், குறைந்த மாடுலஸ் (எளிதில் நீளும்) சிலிகோனை 50 சதவீதம் வரை அனுமதிப்பதும் எச்சரிக்கையான வழக்கம். ஆக, எந்த சீலன்ட் என்பதும் எத்தனை மி.மீ. வெட்டு என்பதும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். ஒருவர் அகலத்தைத் தீர்மானித்து, இன்னொருவர் கடையில் கிடைத்த சீலன்டை வாங்கி வந்தால் கணக்கு எங்கோ உதைக்கும்.

பழைய சாலையில் மறுசீலிங் என்றால் உலர் சுருக்கத்தை விட்டுவிடலாம், அது எப்போதோ முடிந்துபோயிருக்கும். இன்னொன்று: இந்த வெப்பநிலை வித்தியாசம் நீங்கள் சீல் செய்யும் நேரத்தின் வெப்பநிலையிலிருந்து தொடங்குகிறது. உச்சி வெயிலில் ஜாயின்ட் ஒடுங்கியிருக்கும்போது நிரப்பினால், குளிர்காலத்தில் சீலன்ட் முழு தூரத்தையும் இழுபட்டே கடக்க வேண்டும். மிதமான பருவத்தில், ஜாயின்ட் நடுவாந்திர அகலத்தில் இருக்கும்போது போட்டால் இழுவையும் அழுத்தமும் பங்கிட்டுக்கொள்ளும்.

சீலன்டைத் தேர்ந்தெடுப்பது

சூடாக ஊற்றும் ரப்பர் கலந்த பிட்டுமன்: விலை குறைவு, வேலை வேகம், அகலம் முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆயுள் குறைவு. தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் டி6690 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் குளிருக்கேற்ப வகைகள் உண்டு.

சிலிகோன்: விலை அதிகம், அசைவைத் தாங்கும் திறனும் வெயிலைத் தாங்கும் ஆயுளும் அதிகம். அழுக்கை மட்டும் துளியும் பொறுக்காது. ஏ.எஸ்.டி.எம். டி5893 தரம். அள்ளினால் நிற்கும் (வழியாத) வகை, தானே சமமாகும் வகை என்று இரண்டு கிடைக்கும்.

பாலிசல்பைடு: இரண்டு பாகம் கலந்து போடுவது. விமான நிலையத்தில் விமானம் நிற்கும் தளம், எரிபொருள் நிரப்பும் இடம் போல எரிபொருள் சிந்தும் இடங்களில் இதற்குத்தான் முதல் மரியாதை. பிட்டுமன் வகை அங்கே கரைந்துபோகும்.

முன்வார்ப்பு நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) பட்டை: ஒட்டிக்கொள்வதை நம்பாமல், அழுத்தத்தில் இறுகி நிற்கும். ஓரம் உடையாத, அகலம் சீரான புது ஜாயின்டுக்கே பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் அந்தப் பொருளின் தகவல் தாளை அச்சடித்துத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் சொல்லும் எண்ணும் அதிலுள்ள எண்ணும் முரண்பட்டால் அதிலுள்ளதே சரி.

பள்ளத்தின் வடிவம்

சீலன்ட் இரண்டு பக்கச் சுவரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் ஜாயின்ட் திறக்கும்போது நடுப்பகுதியால் ஒடுங்கி நீள முடியாது, கிழிந்துவிடும். அடியில் ஒட்டாமல் தடுப்பது பேக்கர் ராட் என்ற நுரைக் கயிறு. ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும், கீழேயுள்ள விரிசலுக்குள் சீலன்ட் வழியாமல் தாங்குவதும் அதன் மற்ற இரண்டு வேலைகள்.

சிலிகோனில் அகலம் இரண்டு பங்கு, ஆழம் ஒரு பங்கு. ஆனால் ஆழம் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 12-ஐத் தாண்டவும் வேண்டாம். சூடாக ஊற்றும் வகையில் அகலமும் ஆழமும் சமம். இதற்கு மேல் தடிமனாகப் போட்டால் வலுவாக இருக்கும் என்று நினைப்பது தவறு. தடித்த சீலன்ட் நீளும்போது சுவரை அதிக விசையோடு இழுக்கும், பிடி அங்கேதான் விடும்.

8 மி.மீ. அகல சிலிகோன் ஜாயின்டுக்கு ஆழக் கணக்கு இது. தளத்தின் மேல்மட்டத்திலிருந்து சீலன்ட் வரை 6 முதல் 8 மி.மீ. இடைவெளி, சீலன்ட் 6 மி.மீ., பேக்கர் ராட் 10 மி.மீ. கூட்டினால் 22 முதல் 24. அகல வெட்டை 25 மி.மீ. ஆழத்துக்குப் போட்டால் போதும். ராட் விட்டம் எப்போதும் ஜாயின்ட் அகலத்தைவிடக் கால் பங்கு பெரியதாக இருக்கட்டும். அப்போதுதான் இறுகி நிற்கும், கீழே நழுவாது.

வெட்டு

முதல் வெட்டு மெல்லியது, சுமார் 3 மி.மீ. கான்கிரீட் போட்ட சில மணி நேரத்தில், பிளேடு ஓரத்தைப் பிய்க்காத அளவுக்கு இறுகியதும் போட வேண்டும். தாமதித்தால் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடிவிடும். இந்த வெட்டுக்குள் கல் விழாமல் தற்காலிகமாக ஒரு கயிற்றைத் திணித்து வையுங்கள்.

இரண்டாவது, சீலன்ட் உட்காரும் அகல வெட்டு. இதை அவசரப்பட்டுப் போட வேண்டாம். கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு, சீல் செய்யும் நாளுக்குப் பக்கத்தில் போட்டால் ஓரம் கூர்மையாக நிற்கும், அழுக்கு சேரவும் நேரமிருக்காது. பிளேடு தேயத் தேய வெட்டின் அகலம் குறையும். எனவே காலையில் அளந்தது மாலைக்குச் செல்லாது. கையில் அகலத்துக்கேற்ற ஒரு தகட்டை வைத்துக்கொண்டு அவ்வப்போது ஜாயின்டில் இறக்கிப் பாருங்கள்.

கட்டிங்குக்குத் தண்ணீர் கட்டாயம். உலர் வெட்டில் கிளம்பும் தூசியில் படிக சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும், குணப்படுத்த முடியாத நோய். தண்ணீர் போட முடியாத இடத்தில் தூசி உறிஞ்சும் கருவியும் சரியான சுவாச முகமூடியும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மூக்கைச் சுற்றிக் கட்டிய துணி இதற்குப் போதாது.

சுத்தம்: வேலையின் மையம்

வெட்டி முடித்த கையோடு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று விட்டால் சேறு சுவரில் சிமென்டாகவே இறுகிவிடும், அப்புறம் தண்ணீருக்கு மசியாது. ஒரே திசையில் கழுவி, சேற்றுத் தண்ணீரைப் பக்கத்து ஜாயின்டுக்குள் போக விடாமல் வெளியேற்றுங்கள்.

நன்றாக உலர்ந்ததும் சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை அடித்துச் சுவரைச் சுரண்டுவது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாசிலை நேராகக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஜாயின்ட் மேலே ஒரே நடையாக நடந்துவிடுவார்கள். துகள் அடிமட்டத்தில்தான் மோதும், சுவரைத் தொடாது. நாசில் தளத்துக்கு 50 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், சாய்த்துப் பிடித்து ஒரு சுவரை மட்டும் அடிக்க வேண்டும், திரும்பி வரும்போது எதிர்ச்சுவர். ஒரு ஜாயின்டுக்கு இரண்டு நடை. சீலன்ட் ஒட்டப்போகும் மேல் 25 மி.மீ. முழுக்கப் புதுக் கான்கிரீட் நிறம் தெரிய வேண்டும். கியூரிங் பூச்சு (புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகாமலிருக்க அடித்தது) மெல்லிய படலமாகப் பளபளத்துக்கொண்டு நிற்கும், நேரே பார்த்தால் தெரியாது. குனிந்து சாய்வாகப் பாருங்கள். பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் வேண்டாம், அதிலும் சிலிக்கா ஆபத்து உண்டு. உலோக உலைக் கசடு வகைத் துகள்கள் கிடைக்கின்றன.

கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பது வேண்டவே வேண்டாம். அது அழுக்கைக் கரைத்துக் கான்கிரீட்டின் துளைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அடுத்து காற்று. கம்ப்ரஸரில் எண்ணெய், ஈரம் இரண்டையும் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்று ஆபரேட்டர் சொன்னால் மட்டும் போதாது. சுத்தமான வெள்ளைத் துணியை நாசில் முன்னால் சிறிது நேரம் பிடித்து, கறையோ ஈரமோ படிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எண்ணெய் கலந்த காற்றால் ஊதினால், அதுவரை செய்த சுத்தம் அத்தனையும் பாழ். அழுத்தம் 0.6 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கியே ஊதிக்கொண்டு போங்கள். பக்கத்துத் தளத்தையும் ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த காற்றில் தூசி மறுபடி உள்ளே இறங்கும்.

சோதனை எளியது. கறுப்புத் துணியை விரலில் சுற்றி ஜாயின்ட் சுவரில் அழுத்தி இழுங்கள். வெள்ளையாக வந்தால் வேலை முடியவில்லை. இந்தச் சோதனையில் சலுகை காட்டாதீர்கள். சீலன்ட் போட்ட பிறகு இந்தத் தூசியைக் கண்டுபிடிக்க வழியில்லை, பிய்ந்து வந்தால்தான் தெரியும்.

ஈரம் விஷயத்திலும் இதே கண்டிப்பு தேவை. மேற்பரப்பு உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதிகாலையில் பனி படிந்திருக்கும். தளத்தின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்கு) மேலே இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 4 டிகிரி செல்சியஸ் என்று சில தயாரிப்பாளர்களும், 10 டிகிரி என்று வேறு சிலரும் கேட்பார்கள். சூடான காற்றுக் குழலால் உலர்த்தலாம், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. நேரடி நெருப்பைக் காட்டினால் கரி படியும், கான்கிரீட்டும் பொரியும்.

சுத்தம் செய்த ஜாயின்டை அன்றே சீல் செய்துவிடுங்கள். இரவு தாண்டினாலோ தூறல் விழுந்தாலோ உலர்த்தி, பிளாஸ்டிங்கிலிருந்து மறுபடி ஆரம்பம்.

பேக்கர் ராட்

சிலிகோன், பாலிசல்பைடு போன்ற குளிர்வகைக்கு மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரை பொருந்தும். சூடாக ஊற்றும் வகைக்கு வெப்பம் தாங்கும் ராட் தனியாகக் கிடைக்கிறது. சாதாரண ராடைப் போட்டால் உருகிவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் குத்தி இறக்குவதைப் பல தளங்களில் பார்க்கலாம். ராடில் ஓட்டை விழுந்தால் அதிலிருந்து வெளியேறும் வாயு, சீலன்டில் குமிழாக எழும்பும். ஆழம் குறித்த உருளைச் சக்கரத்தால் அழுத்துங்கள், எல்லா இடத்திலும் ஒரே ஆழம் வரும். இழுத்து நீட்டியும் போடக் கூடாது. இழுத்தால் மெலியும், பிறகு சுருங்கும்போது முனைகளில் இடைவெளி விடும். சந்திப்புகளில் முனைகள் முட்டி நிற்க வேண்டும். சாலை விளிம்பில் ஜாயின்ட் திறந்திருந்தால் அங்கே ஒரு துண்டு ராடை அடைத்துவிடுங்கள். தானே சமமாகும் சிலிகோன் சிறு சந்து கிடைத்தாலும் காலி செய்துகொண்டு போய்விடும்.

சீலன்ட் போடுதல்: சிலிகோன்

புதுக் கான்கிரீட்டுக்குப் பொதுவாக 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்ட கான்கிரீட்டில் பிரைமர் (பிடிமானத்துக்கு முதலில் பூசும் அடிப்பூச்சு) தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே ஒரு சிறு நீளத்தில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு வாங்குவது? 8 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் என்றால் 100 மீட்டருக்கு 4.8 லிட்டர், அதாவது 600 மி.லி. பொதிகள் எட்டு. இது காகிதக் கணக்கு. ராட் உருண்டை என்பதால் நடுவில் 6 மி.மீ. இருக்கும் சீலன்ட் ஓரங்களில் அதைவிட ஆழமாக இறங்கும், சேதாரமும் உண்டு. கூடுதலாக எவ்வளவு என்பதை முதல் சில ஜாயின்டுகளிலேயே அளந்து தெரிந்துகொள்ளலாம்.

நாசிலை ஜாயின்டுக்குள் இறக்கி, அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள். மேலே ஒரு கோடாகத் தடவிவிட்டுப் போனால் கீழே காற்று சிக்கும். வேகம் சீராக இருக்கட்டும். அள்ளினால் நிற்கும் வகை என்றால், மேலே படலம் கட்டும் முன், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள், வட்டமான முனை கொண்ட கருவியால் அழுத்தி இழுக்க வேண்டும். அழகுக்காக இல்லை இது. அந்த அழுத்தம்தான் சீலன்டைச் சுவரோடு சேர்க்கிறது. சோப்புத் தண்ணீர் தொட்டு இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், சோப்பு சுவருக்குப் போனால் பிடி போச்சு. முடிவில் மேற்பரப்பு நடுவில் லேசாகக் குழிந்து, தளத்துக்கு 6 மி.மீ.யாவது கீழே நிற்க வேண்டும். டயர் படும் சிலிகோன் நீடிக்காது.

தானே சமமாகும் வகைக்கு இந்தக் கருவி வேலை இல்லை, ஆனால் சரிவில் அது கீழ்ப்பக்கம் ஓடிவிடும். சரிவு அதிகமான இடத்திலும், கெர்ப் (சாலையோரத் தடுப்புக் கல்) ஓரத்தில் செங்குத்தாக ஏறும் இடத்திலும் நிற்கும் வகையையே போடுங்கள்.

குறுக்கு ஜாயின்டில் சிலிகோன், நீளவாக்கு ஜாயின்டில் பிட்டுமன் என்று திட்டம் இருந்தால் சிலிகோன்தான் முதலில். பிட்டுமன் ஒரு துளி பட்ட சுவரில் சிலிகோன் ஒட்டாது.

சூடாக ஊற்றும் வகை

உருக்கும் கொப்பரை இரட்டைச் சுவர் கொண்டதாக, நடுவே எண்ணெய் சூடாகி அதன் வழியே சீலன்ட் உருகுவதாக, உள்ளே கலக்கி சுழல்வதாக இருக்க வேண்டும். நேரடித் தீயில் டின்னை வைத்து உருக்கினால் அடிப்பகுதி கருகும், ரப்பரின் குணம் போய்விடும். பெட்டியின் மேல் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும்: ஊற்ற வேண்டியது, தாண்டக் கூடாதது. ஊற்றும் வெப்பநிலை பெரும்பாலும் 190 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். கொப்பரை மீட்டரை மட்டும் நம்பாமல் நாசிலில் வெளிவரும் சீலன்டின் சூட்டையும் அளந்து பாருங்கள். குழாய் ஆறியிருந்தால் முதலில் வருவது குளிர்ந்த சீலன்ட், அது சுவரை நனைக்காமல் அப்படியே உறையும். அதைக் கொப்பரைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, சூடு வந்ததும் ஆரம்பியுங்கள். மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். பல தயாரிப்புகள் ஒரு முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை.

இதிலும் அடியிலிருந்து நிரப்புவதுதான் முறை. தளமட்டத்துக்கு 3 முதல் 6 மி.மீ. கீழே நிறுத்துங்கள். ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். வெயிலில் ஜாயின்ட் ஒடுங்கும்போது மேலே பிதுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிரம்பி வழிந்து மேலே பட்டையாகப் படிந்தால் டயர் அதைப் பிடித்து இழுத்து, உள்ளே இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும். குமிழ்கள் எழுந்தால் வேலையை நிறுத்துங்கள். ஈரமோ, ஓட்டை விழுந்த ராடோ, இரண்டில் ஒன்று.

முழுக்கை உடை, கையுறை, முகக் கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். தோலில் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்க முயலாதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் ஆற்றிவிட்டு, ஒட்டியதை அப்படியே விட்டு மருத்துவரிடம் போங்கள்.

பாலிசல்பைடு, நியோப்ரீன்

பாலிசல்பைடில் இரண்டு டின்னையும் முழுதாகக் கலக்க வேண்டும். பாதியை எடுத்துக் கண்ணளவில் கலந்தால் ஒன்று இறுகாது, அல்லது கையிலேயே இறுகும். மெதுவாகச் சுழலும் துரப்பணத்தில் கலக்கியை மாட்டி, டின்னின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, நிறக்கோடுகள் மறையும் வரை கலக்குங்கள். வெயில் ஏற ஏற கலவை இறுகும் நேரம் குறையும். பிரைமர் கேட்டிருந்தால் அது உலர வேண்டிய நேரத்துக்கு முன்பும் வேண்டாம், சொல்லிய நேரம் கடந்த பின்பும் வேண்டாம்.

நியோப்ரீன் பட்டையில் பிரச்சினை இழுவைதான். மசகுப் பசை தடவி இறக்கும்போது இயந்திரமோ கையோ பட்டையை நீட்டிவிடும். ஜாயின்ட் நீளத்தையும் செலவான பட்டை நீளத்தையும் ஒப்பிடுங்கள். நீட்சி 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பட்டை எப்போதும் தன் அகலத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை அழுந்தியே இருக்கும்படி அளவைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கு ஜாயின்டில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாகப் போவது நல்லது.

சோதனையும் வண்டி விடுவதும்

சிலிகோனில் மேலே படலம் கட்டியதும் உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் அது மேலிருந்து கீழாக இறுகும், வறண்ட காற்றில் தாமதமாகும். அதுவரை கல்லும் டயரும் படாமல் பாருங்கள். பிட்டுமன் வகை ஆறி, டயரில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் வண்டி விடலாம்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிடிமானத்தைச் சோதிக்க ஒரு கத்தி போதும். ஜாயின்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு போடுங்கள். அங்கிருந்து இரண்டு சுவர் ஓரமாகவும் 50 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். விடுபட்ட நாக்கைப் பிடித்துச் செங்குத்தாக மேலே இழுங்கள். சீலன்ட் நன்றாக நீண்டு தானே அறுந்தால் சரி. சுவரிலிருந்து சுத்தமாக உரிந்து வந்தால் அந்தப் பகுதி முழுக்கச் சந்தேகத்துக்குரியது. முன்னும் பின்னும் சோதித்து, எந்த இடம் வரை அப்படி இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அன்றைய தேதியும் எந்தக் குழு வேலை செய்தது என்பதும் குறித்து வைத்திருந்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

பழைய ஜாயின்டை மறுபடி சீல் செய்வது

பழைய சீலன்டை முதலில் கலப்பை போன்ற கருவியால் கிளறி எடுங்கள். இதில் ஓரம் உடைய வாய்ப்பு உண்டு. V வடிவக் கருவி ஜாயின்ட் மேல்முனையைச் செதுக்கிவிடும், நேர்ச்சுவர்க் கருவியே சரி. அப்புறம் இரண்டு சுவரையும் மறுபடி வெட்டிப் புது முகம் எடுக்க வேண்டும், பக்கத்துக்கு 1 முதல் 2 மி.மீ. போதும். பிளேடு பழைய பிட்டுமனைச் சுவரில் தேய்த்துப் பரப்பாமல் இருக்க, கிளறல் முழுமையாக முடிந்த பிறகே வெட்டு. ஓரம் பெரிதாக உடைந்திருந்தால் அதை முதலில் பேட்ச் போட்டு ஆற விடுங்கள். உடைந்த இடத்தை சீலன்டால் நிரப்பி மறைத்தால் அகலம் மாறும், வடிவக் கணக்கு கெடும்.

ஒவ்வொரு மறுசீலிங்கிலும் ஜாயின்ட் அகலமாகிக்கொண்டே போவதால் பேக்கர் ராட் அளவையும் சீலன்ட் ஆழத்தையும் புதிதாக அளந்து முடிவு செய்யுங்கள். முன்பு வாங்கிய அளவையே மறுபடி வாங்கினால் ராட் உள்ளே விழுந்துவிடும்.

அங்கங்கே சிறிது நீளம் மட்டும் பழுதாகியிருந்தால் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பழுதான பகுதியை வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, அதே வகையை நிரப்பலாம். சிலிகோன் என்றால் புது சிலிகோன் பழையதோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற எதுவும் சிலிகோன் மேல் ஒட்டாது. அதனால் சிலிகோன் இருந்த ஜாயின்டை வேறு வகைக்கு மாற்ற நினைத்தால், கையால் சுரண்டி எடுத்தது போதும் என்று விடாமல் இரண்டு முகத்தையும் பிளேடு போட்டு எடுத்தே ஆக வேண்டும்.